களவும் கரணமும்: கடல்கடந்த மனைவியர் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

திருமறைக்காட்டுத் திருக்கோயிற் கதவின் வரலாறு தமிழறிந்தார் அனைவரும் அறிந்தது. மறைகள் வழிபட்டு அடைத்துச் சென்ற திருவாயில் நெடுங்காலம் திறவாதிருந்தது. ஊரார் பக்கத்தே வேறொரு வாயில் அமைத்து, அதன் வழியே சென்று வழிபட்டு வந்தனர். பின்னர் நாவுக்கரசர் பாடக் கதவு திறந்தது. ஞானசம்பந்தர் பாட மீண்டும் அடைந்தது. சேக்கிழார் கூறும் இந்நிகழ்ச்சியில் ஒரு நுட்பம் உண்டு. அடைப்பதற்கு ஒரு பாடலே போதுமாயிற்று. திறப்பதற்கோ பதிகம் முழுவதும் வேண்டியிருந்தது. அவ்வேறுபாட்டை எண்ணி நாவுக்கரசர் உள்ளம் வருந்தினார் என்பதும் புராணச் செய்தி.

இன்று வேதாரண்யம் என வழங்கும் அம்மறைக்காட்டிற்குத் தெற்கே கோடிக்கரை உள்ளது. அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர்க் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணக் கரை. இரு கரைக்கும் வணிக உறவும் கோயில் உறவும் மண உறவும் இருந்தன. மறைக்காட்டுக் கோயிலின் நிருவாகம் யாழ்ப்பாணத்து வரணியோடு தொடர்புடைய ஆதீனத்தின்பாற் பட்டிருந்தமை ஒன்றே இதற்குப் போதிய சான்று. ஆயினும், அக்கரையில் பிறந்த ஒரு பெண்ணை மணந்து இக்கரையில் என்றும் உடன்வாழ அழைத்துவர விரும்பும் ஒருவன் இன்று கடக்க வேண்டுவது கடலை மட்டுமன்று. கடவுச்சீட்டு, விசா எனப்படும் நுழைவிசைவு, பதிவு, குடியுரிமை என வாயில்கள் பல அவன்முன் நிற்கின்றன.

அயல்நாட்டு மனைவியை வீட்டிற்கு அழைத்துவரும் இச்செயலைப் பற்றித் தமிழிலக்கியமும் இலக்கணமும் கூறுவன யாவை? இன்றைய சட்டத்தின் நெறியும் தொல்காப்பிய நெறியும் எங்கு ஒன்றுபடுகின்றன, எங்கு மாறுபடுகின்றன? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

கடற்செலவும் மகளிரும்

தொல்காப்பியர் அகத்திணையியலில் மகளிரோடு கடல்வழிச் செல்லும் வழக்கம் இல்லை என ஒரு விதி வகுத்துள்ளார். காலிற் பிரிவில் தலைவியை உடன்கொண்டு செல்லலாம், கலத்திற் பிரிவில் அது கூடாது என்பது இளம்பூரணர் கொண்ட பொருள். நச்சினார்க்கினியரோ அந்நூற்பாவின் முதற்சொல்லைக் கடல் எனக் கொள்ளாது மூவகைத் தன்மை எனக் கொண்டு, ஓதல், தூது, பொருள் ஆகிய மூன்றன்பொருட்டுச் செல்லும் செலவிற்கு அதனை உரியதாக்கினார். சொல்லின் இயல்பான பொருளை நோக்க இளம்பூரணர் உரையே நேரிது என்பது எம் கருத்து.

எவ்வுரையைக் கொள்ளினும் விளைவு ஒன்றே. சங்க அகப்பாடல்களில் உடன்போக்கு மேற்கொள்ளும் தலைவி பாலை நிலத்தைக் கடக்கின்றாள், கடலைக் கடப்பதில்லை. வெம்மையும் ஆறலை கள்வரும் அவளைத் தடுப்பதில்லை. பின்தொடரும் தமரும் இறுதிவரை தடுப்பதில்லை. நிலவழியே வந்த தலைவியை ஏற்று விருந்தயரும் மனைகளை நம் புலவர் பாடினர். நீர்வழியே வந்தவளை ஏற்கும் மனையை அவர் பாடிற்றிலர்.

மணிமேகலையில் வரும் சாதுவன் வரலாறும் இவ்வெல்லையைக் காட்டும். கலம் உடைந்து நக்கசாரணர் நாகர் வாழும் மலைப்பக்கம் சேர்ந்த அவன், அவர்தம் மொழியை அறிந்தமையால் உயிர் பிழைத்தான். நாகர் தலைவன் அவனுக்கு ஓர் இளநங்கையைத் தர முற்பட்டபோது சாதுவன் மறுத்து அறங்கூறினான். பின்னர்ப் பொருளோடு மீண்டு ஆதிரையை அடைந்தான். அக்கரைப் பொருள் இக்கரைக்கு வருகின்றது. அக்கரைப் பெண் வருவதில்லை. இங்குச் சாதுவனின் மறுப்பு அறத்தின்பாற் பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் காப்பியத்தின் போக்கு நோக்கத்தக்கது.

தொண்டைக்கொடி என்னும் அடையாளம்

கடல்கடந்த காதலின் முழு வரலாறு பீலிவளையின் கதையாகும். புகார்க் கடற்கரைப் புன்னைக் கானலில் சோழன் நெடுமுடிக்கிள்ளி தனித்து நின்ற ஒருத்தியைக் கண்டான். அவளோடு ஒரு திங்கள் உறைந்தான். அவள் தான் யாரென உரையாமலே நீங்கினாள். அவள் நாகநாட்டு வளைவணன் மகள் பீலிவளை என்பதும், அவள் இனி வாராள், அவள் பெற்ற மகனே வருவான் என்பதும் பின்னர் ஒரு சாரணன் வாயிலாகவே அரசனுக்குத் தெரியவந்தன. மணிபல்லவத்தில் கம்பளச்செட்டியின் கலத்தில் ஏற்றி அனுப்பப்பட்ட அம்மகவும் கலங்கவிழக் கடலில் மறைந்தது. மைந்தனைத் தேடிய மன்னன் இந்திர விழாவை மறந்தான். புகாரைக் கடல் கொண்டது.

சாத்தனார் இக்கதையை அமைத்த முறையைக் கூர்ந்து நோக்கின், அழிவின் வேர் எங்குள்ளது என்பது புலனாகும். விழாவை மறந்தது அருகிலுள்ள காரணம். அதற்கு முன்னைய காரணம், அயல்நாட்டாள் ஒருத்தியோடு கொண்ட களவைக் கற்பாக்கும் வழி எதுவும் இல்லாது போனமை. பெயர் அறியாத மனைவி, சான்று இல்லாத கூட்டம், தந்தை முகம் காணாத மகவு என மூன்றும் தொடர்ந்து வருகின்றன.

பெரும்பாணாற்றுப்படை உரையில் நச்சினார்க்கினியர் இதனோடு ஒத்த மற்றொரு கதையைத் தருகின்றார். நாகபட்டினத்துச் சோழன் பிலத்துவாரத்தின் வழியே நாகநாடு சென்று நாககன்னியைக் கூடினான். பிறக்கும் மகனை என்செய்வேன் என அவள் வினவத் தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடுக எனவும், அவன் கரையேறினால் அரசுரிமை தந்து நாடாளச் செய்வேன் எனவும் மன்னன் கூறினான். அவ்வாறே திரையால் தரப்பட்டவன் திரையன் எனப் பெயர்பெற்றான்.

இருகதையும் ஒருகதையின் இரு வடிவங்களோ, வேறு வேறோ என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எமக்கு வேண்டுவது அவற்றிடையேயுள்ள ஒரே வேறுபாடு. ஒரு மகவு அடையாளமின்றி வந்தது, அழிந்தது. மற்றொன்று அடையாளத்தோடு வந்தது, அரசாண்டது. கடல்வழி வருவோனுக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்பதை மரபும் ஏற்கின்றது. ஆனால் அவ்வடையாளம் எளியது. யார் கையிலும் கிடைப்பது. கரையோரத்துப் படரும் ஒரு கொடி. அதனைக் கண்டு ஏற்பவன் தந்தை; வினவுபவன் அல்லன், எதிர்நோக்கி நிற்பவன். இதனை நினைவில் நிறுத்திக்கொள்வோம்.

எனினும் இருகதையிலும் தாய் வரவில்லை. மகனுக்கு நாடு உண்டு. மனைவிக்கு வீடு இல்லை. இக்குறையை மறைத்துப் பழமையைப் புகழ்தல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று.

எதிர்க்கரையின் சான்று

இக்கரை இலக்கியம் செய்யாத ஒன்றை அக்கரை வரலாற்றுநூல் செய்துள்ளது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, சோழன் மகள் மாருதப்புரவீகவல்லி நோய்தீரக் கீரிமலைத் தீர்த்தத்தை நாடி வந்த செய்தியைக் கூறுகின்றது. நோய் நீங்கிய அவளை உக்கிரசிங்கன் இரவிற் கவர்ந்து சென்று மணந்தான். அவள் அந்நாட்டு அரசியாய் அங்கேயே வாழ்ந்தாள். மாவிட்டபுரத்துக் கோயில் அவள் பெயரோடு இயைத்துப் பேசப்படுகின்றது.

கவர்ந்து செல்லுதல் அகத்திணை கூறும் ஒத்த அன்பின் களவு ஆகாது. அதனை யாம் போற்றவில்லை. வரலாற்று உண்மை எவ்வளவு என்பதும் இங்கு வினா அன்று. கடல்கடந்து வந்தவளை அந்நூல் மீண்டும் கடலுக்கு அனுப்பவில்லை என்பதே கருதத்தக்கது. சோழநாட்டு மகளை ஈழக்கரை ஏற்றது. ஈழக்கரையின் மகளைச் சோழநாட்டுக் கதை எவ்வாறு ஏற்றது என்பதை அடுத்துக் காண்போம்.

கோடிக்கரைப் புனைகதை

கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை கிழமைதோறும் வெளிவந்தது. அதன் நிகழ்ச்சிகளுள் பல கோடிக்கரையில் நிகழ்கின்றன. கலங்கரை விளக்கக் காவலன் மகள் பூங்குழலி வந்தியத்தேவனைத் தன் படகில் ஏற்றி ஈழத்திற்கு அழைத்துச் செல்கின்றாள். அவளுக்குக் கடல் ஒரு தெரு, ஈழம் எதிர்வீடு.

அக்கதை வெளிவந்த காலத்தை நோக்குக. இலங்கையின் 1948ஆம் ஆண்டு 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதுவரை கடவுச்சீட்டின்றி இயன்ற போக்குவரவு அன்றோடு முடிந்தது. ஓராண்டு கழிவதற்குள், கடவுச்சீட்டறியாத பூங்குழலியின் படகு வாசகர் நெஞ்சில் மிதக்கத் தொடங்கியது. கல்கி சட்டத்தை எண்ணி எழுதினார் என்பது எம் கருத்தன்று. அதற்குச் சான்று இல்லை. ஆயின், கடல் அடைபட்ட காலத்து வாசகர் அடைபடாத கடலைக் கதையிற் பெற்றனர் என்பது மறுத்தற்கரியது.

அக்கதையின் ஆழமான பாத்திரம் பூங்குழலி அல்லள். அவள் அத்தை மந்தாகினி. ஈழத்தை அடுத்த தீவொன்றில் சுந்தரசோழன் இளவரசனாய்த் தனித்திருந்தபோது அவனைக் காத்து அன்பு செய்தவள். வாய் பேசாதவள். தலைநகர் அழைக்கவே அவன் கப்பலேறுகின்றான். பின்னர் அவள் தானே கடல் கடந்து வந்து, முடிபுனைந்த கோலத்தில் அவனை ஊர்த்திரளின் நடுவே காண்கின்றாள்; திரும்பிக் கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து கடலில் வீழ்கின்றாள். உயிர் பிழைத்தும் அவள் மனைவியாய் வாழவில்லை. ஆண்டுகள் பல சென்றபின் அரசன்மேல் எறியப்பட்ட வேலைத் தான் ஏற்று, அவன் அரண்மனையில் இறக்கும் பொழுதே அவளுக்கு அவன் வீட்டில் இடம் கிடைக்கின்றது.

மந்தாகினியின் ஊமைத்தன்மை கதைச்சுவைக்காக ஆசிரியர் மேற்கொண்ட உத்தி எனச் சிலர் குறை கூறக்கூடும். யாம் அதனை வேறுவகையாகக் காண்கின்றோம். அயல்கரையினின்று வந்தவள் தன் உறவை நிறுவ வேண்டின் அவளுக்குச் சொல் வேண்டும். சொல்லை ஏற்போர் வேண்டும். மந்தாகினிக்கு இரண்டும் இல்லை. மணந்ததற்குச் சான்று யாது, எங்கே கண்டீர், எத்தனை நாள் உடனிருந்தீர் என அலுவலர் வினவ, நெஞ்சறிந்ததை நாவாற் கூற இயலாது நிற்கும் மனைவியர் இன்றும் உளர். பீலிவளை தன் பெயரைச் சொல்லவில்லை. மந்தாகினியால் சொல்ல இயலவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டு இடைவெளியிலும் இரு படைப்பாளரும் அயல்நாட்டு மனைவியைப் பேச்சற்றவளாகவே கண்டமை தற்செயல் அன்று.

கதையின் குறையும் இங்கேயே உள்ளது. அவளை அழைத்துவராமைக்குக் காரணம் கடலா, அரசியலா, அரசனின் உள்ளத் தளர்ச்சியா என்பதைக் கல்கி தெளிவாக எதிர்கொள்ளவில்லை. இரக்கத்தை மிகுவித்து வினாவை நெகிழ விட்டார்.

கரணமும் கடவுச்சீட்டும்

இனி இலக்கணத்தின்பாற் செல்வோம். கற்பியலின் முதல் நான்கு நூற்பாக்கள் இப்பொருளுக்கு உயிரானவை. கொடுத்தற்குரியோர் கொடுப்பக் கொள்வதே கரணத்தொடு கூடிய கற்பு என்பது முதலாவது. உடன்போக்கில் கொடுப்போர் இல்லாதவழியும் கரணம் உண்டு என்பது இரண்டாவது. மேலோர்க்குரிய கரணம் கீழோர்க்கும் உரித்தாகிய காலம் உண்டு என்பது மூன்றாவது. உலகில் பொய்ம்மையும் பிழைபாடும் தோன்றிய பின்னரே சான்றோர் கரணத்தை வகுத்தனர் என்பது நான்காவது.

நான்காம் நூற்பாவின் கருத்தே இன்றைய குடிவரவுச் சட்டத்தின் கருத்துமாகும். பொய்மணங்கள் உண்டு என்பதனாலேயே மெய்மணத்தார் சான்று காட்ட வேண்டியுள்ளது. இந்திய நெறி வருமாறு: மணம் முறைப்படி பதியப்படல் வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணப்போருள் ஒருவர் அம்மாவட்டத்தில் 30 நாட்களேனும் தங்கியிருந்து அறிவிப்புத் தருதல் வேண்டும். அதன்பின் தடையுரைப்போர்க்கு மேலும் 30 நாட்கள். பின்னர் மனைவி நுழைவிசைவு பெற்று வந்து, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்து, காலந்தோறும் அதனை நீட்டித்துக்கொள்ள வேண்டும். பதியப்பட்ட மணம் ஈராண்டு நிலைத்தபின் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் என்னும் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பெயர் குடிமகன் எனினும் அது வாக்குரிமை தாராது. முழுக் குடியுரிமை வேண்டின், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி ஏழாண்டு இந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். அவற்றுள் விண்ணப்பத்திற்கு முந்தைய பன்னிரு திங்களும் இடைவிடாது இங்கேயே உறைந்திருத்தல் வேண்டும்.

அச்சட்டம் இயற்றப்பட்டபோது இவ்வுரிமை குடிமக்களை மணந்த மகளிர்க்கே அளிக்கப்பட்டது. 1986ஆம் ஆண்டுத் திருத்தமே கணவர்க்கும் அதனை உரித்தாக்கியது. மனையை விட்டு வருபவள் பெண்ணே என்னும் உடன்போக்கு மரபு சட்டத்தின் உள்ளத்திலும் முப்பதாண்டு நிலவியது போலும்.

இந்நெறி நெடிது, ஆயினும் கொடிது என யாம் கூறோம். அகப்பாடல்களில் இடைச்சுரத்துக் கண்டோர் கூற்றுக்கு என்ன பணியோ, அப்பணியே இன்று நிழற்படங்களும் கடிதங்களும் பதிவுச் சான்றும் செய்கின்றன. பன்னிரு வாயில்கள் நின்ற இடத்தில் அலுவலர் நிற்கின்றனர். 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. கடவுச்சீட்டோடு அதில் வந்திறங்கும் மனைவிக்குப் பதிகம் நீண்டதாயினும் கதவு திறக்கும்.

களவு என்னும் சொல்

வேறுபாடு தொடங்குவது இரண்டாம் நூற்பாவில். கொடுப்போர் இன்றிப் புறப்பட்டவர்க்கும் கரணம் உண்டு எனத் தொல்காப்பியர் வாயில் திறந்து வைத்தார். களவிற் புறப்பட்டவள் கற்பினுள் புகலாம். களவு என்பது அவர் நூலில் குற்றத்தின் பெயர் அன்று; தொடக்கத்தின் பெயர்.

அதே சொல்லடி 1949க்குப் பின் பாக்குநீரிணையில் வேறு பொருள் பெற்றது. ஆவணமின்றி இலங்கைக் கரை சேர்ந்தோரைக் கள்ளத்தோணி என அழைத்தனர். படகின் பெயர் ஆளின் பெயராயிற்று. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை பல வாழ்ந்தோரையும் அச்சொல் தைத்தது. பின்னர் 1983 முதல் படகுகள் எதிர்த்திசையில் வந்தன. போர்க்கு அஞ்சி மன்னார்க் கரையினின்றும் வடமராட்சியினின்றும் தமிழகக் கரை சேர்ந்தோர் பல்லாயிரவர். 2021ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 58,000 பேர் முகாம்களிலும், 34,000 பேர் முகாம்களுக்கு வெளியேயும் இருந்தனர்.

அவருள் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். குழந்தையாய்ப் படகில் வந்தாள், முகாமில் வளர்ந்தாள், தஞ்சை நிலத்து உழவன் ஒருவனை மணந்தாள். அவள் மணம் மெய்ம்மணம், பதிவும் உண்டு. ஏழாண்டன்று, முப்பதாண்டு இங்கு வாழ்ந்தாள். ஆயினும் கடவுச்சீட்டின்றி நுழைந்தோர் சட்டவிரோதக் குடியேறிகள் எனவும், அன்னோர் பதிவின் மூலமோ இயல்புரிமையின் மூலமோ குடியுரிமை பெறார் எனவும் 2003ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விலக்கியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சில நாட்டினர்க்கு அவ்விலக்கைத் தளர்த்தியபோது இலங்கையை அதனுள் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 2015 சனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு ஆவணமின்மைக்குரிய தண்டத்தை நீக்கியது. தண்டம் நீங்கியது, உரிமை வந்ததில்லை.

அவள் மகவின் நிலை இன்னும் கருதத்தக்கது. 2004 திசம்பர் 3க்குப் பின் இங்குப் பிறந்த மகவு, தந்தை இந்தியக் குடிமகனாயினும், தாய் ஆவணமின்றி வந்தவளாயின் பிறப்பாற் குடிமகன் ஆகாது. கடல்வழி வந்த மகனுக்கு ஒரு தொண்டைக்கொடியைக் கண்டு நாட்டையே அளித்த கதை இந்நிலத்தது. இங்கோ, கடலையே காணாத மகவைத் தாய் வந்த படகு பின்தொடர்கின்றது.

கதையைக் காட்டிச் சட்டத்தைப் பழித்தல் நேர்மையா என ஒருவர் வினவலாம். கதை வேறு, ஆட்சி வேறு என்பது உண்மையே. எல்லை காத்தல் அரசின் கடன் என்பதையும் யாம் மறுக்கவில்லை. யாம் ஒப்பிடுவது கதையை அன்று, இலக்கணத்தை. தொல்காப்பியமும் ஒரு சட்டமே. அதுவும் பொய்யை அஞ்சியே கரணம் வகுத்தது. ஆனால் பொய்யை அஞ்சிய அந்நூல் மெய்க்களவிற்கு வழியை அடைக்கவில்லை. இன்றைய சட்டம் அந்நான்காம் நூற்பாவைக் கைக்கொண்டு இரண்டாம் நூற்பாவைக் கைவிட்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இரண்டு. ஒன்று, நிலங்கடந்த தலைவியை ஏற்ற தமிழ்மரபு கடல்கடந்த மனைவியை ஏற்கத் தயங்கியது. பீலிவளையும் மந்தாகினியும் அதற்குச் சான்று. இக்குறை நம் இலக்கியத்தின் குறை, சட்டத்தின்மேல் ஏற்றற்குரியதன்று. மற்றொன்று, அவ்விலக்கியத்திற்கு அடிப்படையான இலக்கணம் அக்குறையைக் கடக்கும் நெறியைத் தன்னுள் கொண்டுள்ளது. தொடக்கம் எவ்வாறாயினும், மெய்ம்மை நிறுவப்படின் கரணம் உண்டு என்பதே அந்நெறி. அகத்திணையைப் பயிலும் நாம் அதனைப் பழங்காதலின் வருணனையாக மட்டும் கற்பித்து வருகின்றோம். உறவை ஏற்கும் முறை பற்றிய சிந்தனையாகவும் அது கற்பிக்கப்படல் வேண்டும்.

மறைக்காட்டார் நெடுங்காலம் பக்கவாயில் வழியே சென்றே வழிபட்டனர். திருவாயில் திறந்த நாளில், இவர் பக்கவாயிலிற் புகுந்தவர், ஆகலின் அடியாராகார் என எவரும் அவரை விலக்கியதாகப் புராணம் கூறவில்லை. முன்வாயில் அடைந்திருந்தபோது அவர்க்கு வேறு வழி இருந்ததில்லை என்பதை நாவுக்கரசர் அறிவார்.